எஃப்.சி.க்குத் தயாரான வீடு

பெரியவளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மா, உன் தங்கை, நான், ஓட்டுக்கு அடியில் கேட்காமல் குடியேறியிருக்கும் அணில் உட்பட எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் வந்து சேர்ந்தால்தான் எங்கள் சுகம் முழுசாகும். எழுதிக்கொள்வது என்று சொன்னேனே தவிர எழுதுவது உன் தங்கைதான் என்பது உனக்குத் தெரியும். நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்ல, அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறாள். நான் பஸ் ஸ்டாண்டுத் தமிழில் சொல்வதை அவள் புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள்; ஆகவே இந்தக் கடிதத்தில் ஏதாவது ஒரு வரி ரொம்ப அழகாக இருந்தால் அது என்னுடையது இல்லை என்று வைத்துக்கொள். (அக்கா, அப்பா சொல்வதை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மிகவும் தேவைப்பட்டால் மட்டும் இப்படி அடைப்புக்குறிக்குள் வருவேன்.)

போனில் சொல்லிவிடலாமே என்றாள் உன் அம்மா. போனில் சொன்னால் நீ ‘சரிப்பா, சந்தோஷம்ப்பா, சாப்டீங்களாப்பா’ என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிடுவாய், இது மூன்று வார்த்தையில் முடிகிற சங்கதி இல்லை. முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன்: நம் வீட்டை இடிக்க மாட்டார்கள். ஊரின் பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் நம் வீட்டைச் சேர்த்துவிட்டார்கள். முடிவை முதலிலேயே சொன்னால் கடிதத்தில் சுவை போய்விடும் என்று உன் தங்கை பேனாவை மூடிவைத்துச் சண்டை போட்டாள். முக்கியமானதைக் கடைசியில் வைக்கிற அவளுடைய பழக்கத்தால் இந்த வீடு போகப் பார்த்த கதையைக் கீழே படிப்பாய், அதனால் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

சாலையை அகலப்படுத்த அளக்க வந்தவர்கள் நம் கூடத்துச் சுவரில் சிவப்பாகக் குறி போட்டுவிட்டுப் போனதைப் போன முறை எழுதியிருந்தோம். வாசற்படி, முன்னறை, கூடம் மூன்றும் சாலைக்குப் போய், நடைவழியும் சமையலறையும் அறுந்த வால் மாதிரி மிஞ்சும் என்றார்கள். அதைப் படித்துவிட்டு நீ, வீடு போனால் போகட்டும், இங்கே ஒரு அறை காலியாகத்தான் இருக்கிறது, மூவரும் கிளம்பி வந்துவிடுங்கள் என்று அடுத்த தபாலிலேயே பதில் போட்டாய். அந்த அறைக்குக் கட்டில்கூட வாங்கிப் போட்டுவிட்டீர்கள் என்று உன் தங்கை வாசித்தபோது உன் அம்மா மூக்கை உறிஞ்சிய சத்தம் எனக்குக் கேட்டது. அந்தக் கட்டிலுக்காக உனக்கும் மாப்பிள்ளைக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். பெற்ற மகளுக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்பாய். கட்டில் வாங்கிப் போட்ட மகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கண்ணு, இத்தனை நாளும் உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன், வீடு தங்கிவிட்டதால் சொல்லும் தைரியம் வந்திருக்கிறது. போன வருடம் நானும் அம்மாவும் உன் வீட்டில் மூன்று வாரம் இருந்தோமே, அங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளை தினமும் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து மழை நிலவரம் வரைக்கும் வாசித்துக் காட்டினார். ஆனால் நான் அந்த மூன்று வாரமும் உட்கார்ந்தே இருந்தேன். வந்த அன்றே உங்கள் கண்ணாடிக் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டேன், அதை உங்களிடம் சொல்லவில்லை, அசதியாக இருக்கிறது என்று சொல்லி சோபாவோடு சோபாவாகிவிட்டேன். பாத்ரூமுக்குக்கூட உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். இருபத்தெட்டு வருடம் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் பஸ் ஓட்டியவன், ஒரு தம்ளர் தண்ணீருக்கு ஆள் கூப்பிட்டேன்.

இங்கே அப்படி இல்லை. கேட்டிலிருந்து ஏழு காலடி, மூன்று படி, அப்புறம் நிலைவாசல். கூடத்தில் பதினொரு காலடி போனதும் இடது கன்னத்தில் காற்று படும், நடைவழி வந்துவிட்டது என்று அர்த்தம். நடைவழியின் பாதியில் ஒரு தரைக்கல் லேசாக ஆடும், அதன்மேல் நின்று வலது கையை நீட்டினால் தண்ணீர்க் குடம். ரூட் பஸ் ஓட்டியவனுக்கு நிறுத்தங்கள் மறக்குமா? கோலை வாசலிலேயே சாய்த்துவிட்டு கையை வீசிக்கொண்டுதான் நடக்கிறேன். நடைவழி திரும்பும் இடத்தில் எதிரே யாராவது வந்தால் இடித்துவிடக் கூடாதே என்று தொண்டையைச் செருமுவேன், உடனே உன் அம்மா சமையலறையிலிருந்து, ‘வண்டி வருது, ஒதுங்குங்க, வளைவுல ஹாரன் அடிக்கிறார்’ என்பாள். கண் போய் நாலு வருடம் ஆகிறது. இந்த வீட்டுக்குள் மட்டும் எனக்கு இன்னும் கண் இருக்கிறது. கூடம் போய்விட்டால் அது இரண்டாம் முறையும் போய்விடும் என்பதுதான் என் பயம். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் உன் அம்மா சிவப்புக் குறி போட்ட அன்றே தெரிந்துகொண்டாள் போலிருக்கிறது, ஏனென்றால் அன்று முழுக்க என்னிடம் ஒரு கிண்டலும் பேசவில்லை.

வழி கண்டுபிடித்தது உன் தங்கை. அவள்தான் எந்த எழுத்தைக் கண்டாலும் நின்று படிப்பவளாயிற்றே, பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூட எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படிப்பாள். நகராட்சி அலுவலகத்து அறிவிப்புப் பலகையில், நூறு வருடத்தைத் தாண்டிய, ஊரின் வரலாற்றோடு தொடர்புள்ள வீடு இருந்தால் அதைக் காப்பாற்றச் சொல்லி உரிமையாளர் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு தாள், மூலையில், வேறு மூன்று தாள்களுக்குக் கீழே இருந்ததாம். அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டால் சாலையே வளைந்துதான் போக வேண்டும். அவளே உட்கார்ந்து நாலு பக்கத்துக்கு விண்ணப்பம் எழுதினாள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் இருந்தது. எழுதி முடித்து என் எதிரில் உட்கார்ந்து முழுவதும் வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டாள். முன்னுரை அருமையாக இருந்தது, ஓடு, தூண், மரச்சட்டம் என்று பொருளுரை போய்க்கொண்டிருந்தது, அதற்குள் நான் தூங்கிவிட்டேன். (அப்பா தூங்கியது எனக்குத் தெரியவே தெரியாது, அக்கா. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். தலையை வேறு ஆட்டிக்கொண்டிருந்தார், ரசிக்கிறார் என்று நினைத்தேன்.) அவள் மிக முக்கியமான சங்கதியை முடிவுரைக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். நம் கூடத்துச் சுவர்களில் சுற்றிவரக் கோடுகள் இருக்குமே, நீ சின்ன வயதில் முதுகை ஒட்டி நின்று எந்தக் கோட்டுக்கு வந்திருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டே இருப்பாயே, அந்த ஆறு கோடுகள். நமக்கு முன்னால் இந்த வீட்டில் இருந்தவர் ஆற்றங்கரையில் படகுக்குச் சீட்டுக் கொடுத்தவர், ஒவ்வொரு வெள்ளத்திலும் தண்ணீர் எதுவரை ஏறியதோ அங்கே கூடத்தைச் சுற்றி ஒரு கோடு இழுத்துவைத்தார் என்று அவள் எங்கோ கேட்டு, படித்து, கண்டுபிடித்திருக்கிறாள். நகராட்சிக்காரர்கள் பார்க்க வருவதே அந்தக் கோடுகளைத்தான். நான் முடிவுரை வரைக்கும் விழித்திருக்கவில்லை.

பார்வையிட வருகிறோம் என்று கடிதம் வந்தபோது உன் தங்கை பேச்சுப் போட்டிக்காக மூன்று நாள் வெளியூர் போயிருந்தாள். அதிகாரி வருகிறார், சோதனை போடப் போகிறார் என்றால் என் புத்தி எங்கே போகும்? எஃப்.சி.க்கு, அதாவது வண்டி ஓடத் தகுதியானதுதானா என்று பார்க்கிற சோதனைக்கு, வண்டி போகிறது என்றால் டிப்போவில் என்ன செய்வோம்? நசுங்கியதைத் தட்டி, துருவைச் சுரண்டி, மேலிருந்து கீழ்வரை பெயின்ட் அடித்து, டயருக்குக்கூடக் கறுப்புப் பூசி நிறுத்துவோம். அதிகாரியின் கண்ணில் முதலில் படுவது பெயின்ட்தான், எஞ்சினெல்லாம் அப்புறம்தான். வண்டி பளபளவென்று இருந்தால் அதைக் கழித்துக்கட்ட யாருக்கும் மனசு வராது. அதே கணக்கை வீட்டுக்கும் போட்டேன். உன் அம்மாவும், ‘ஆமாங்க, சுவரெல்லாம் கோடு கோடாக் கறை பிடிச்ச மாதிரி கிடக்கு, வர்றவங்க என்ன நினைப்பாங்க’ என்றாள். ஆள் அனுப்பி நம் பழைய பெயின்டரைக் கூப்பிட்டோம். எப்போது கேட்டாலும் ‘நாளைக்கு வந்துடறேன் அக்கா’ என்பாரே, உன் அம்மாகூட ‘நாளைக்கு’ என்று பெயர் வைத்தாளே, அவரேதான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சொன்ன நாளில் வந்து தொலைத்தார். இரண்டே நாளில் கூடம் முழுக்க அடித்து முடித்துவிட்டார். இளம்பச்சையாம். (ஆஸ்பத்திரிப் பச்சை, அக்கா.) பீரோவை நகர்த்திவிட்டு அதற்குப் பின்னாலும் அடித்தீர்களா என்று உன் அம்மா கேட்டதற்கு, ‘என்னக்கா, என்னை நம்ப மாட்டீங்களா, நகர்த்தி, அடிச்சு, திரும்ப அதே இடத்துல வச்சாச்சு’ என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். கூடத்துக்குப் புதுப் பெயின்ட் வாசனை. எனக்கு ஒரே பெருமை.

அடுத்த நாள் சோதனை என்னும்போது முதல் நாள் மதியம் உன் தங்கை வந்து சேர்ந்தாள். பை கீழே விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. இவள் வாயை மூடியிருக்கிறாள் என்றால் எங்கோ விபத்து என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, ‘அப்பா, கோடெல்லாம் எங்கேப்பா?’ என்று மட்டும் கேட்டாள். எந்தக் கோடு என்றேன். அவள் விண்ணப்பத்தின் நகலை எடுத்துவந்து முடிவுரையை மட்டும் படித்தாள், இந்த முறை நான் தூங்கவில்லை. கண் இருந்த இருபது வருடமும் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறேன், ஒரு நாளும் பார்த்ததில்லை. உன் அம்மா ஈரத் துணியை எடுத்துவந்து ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்தாள், பச்சையோடு கோடும் சேர்ந்து வந்துவிடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டாள். கண் போனதற்காக நான் அன்றுதான் முதல் தடவை அழுதேன். அழவில்லை என்று எழுதச் சொல்கிறேன், இவள் எழுத மாட்டேன் என்கிறாள். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ, ‘நான்தான்ப்பா அதை முதல் வரியிலேயே எழுதியிருக்கணும்’ என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் பத்து மணிக்கு வந்தார்கள். அதிகாரி ஒரு அம்மா, கூட அளவெடுப்பவர் ஒருவர். அந்த அம்மாவின் குரலைக் கேட்டவுடனேயே எனக்குப் புரிந்துவிட்டது, இது பெயின்டைப் பார்த்து மயங்குகிற ஆள் இல்லை. கூடத்து நடுவில் வந்து நின்றார். தாளைப் புரட்டும் சத்தம். ‘இதுல வெள்ளக் கோடுன்னு எழுதியிருக்கே, அது எந்த ரூம்ல இருக்கு?’ என்றார். உன் அம்மாவின் வளையல்கூட அசையவில்லை. நான் எழுந்து நின்று, நான்தாம்மா அடிக்கச் சொன்னேன், பஸ் ஓட்டினவன், எஃப்.சி.க்கு வண்டி போனா பெயின்ட் அடிச்சுத்தான் பழக்கம், வீட்டுக்கும் அடிச்சுட்டேன் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். ஆனால் சந்தோஷச் சிரிப்பு இல்லை. ‘வயசான வீடு, வந்து பாருங்கன்னு கூப்பிட்டுட்டு, கல்யாணப் பொண்ணு மாதிரி சிங்காரிச்சு நிறுத்தியிருக்கீங்களே ஐயா’ என்றார். பழைய நகராட்சிக் காகிதங்கள் எல்லாம் ஒரு பெரிய வெள்ளத்திலேயே ஊறிப் போய்விட்டனவாம், தண்ணீர் எதுவரைக்கும் ஏறியது என்று ஊரில் யாரிடமும் கணக்கு இல்லையாம், ஓட்டு வீடு இந்தத் தெருவிலேயே இருபது இருக்கிறதாம், கோடு இருந்த வீடு இது ஒன்றுதானாம். சொல்லிக்கொண்டே கோப்பை மூடினார். அந்தக் கோப்பு மூடிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ‘வந்ததுக்கு ரூம் அளவையாவது எடுத்துட்டுப் போவோம்’ என்று அளவெடுப்பவரிடம் சொன்னார்.

அவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு மேற்குச் சுவருக்குப் போனார். அங்கே நிற்கிற பீரோ உனக்குத் தெரியுமே. அந்தப் படகுச் சீட்டுக்காரரின் பிள்ளைகள், வாசலைவிடப் பெரிதாக இருந்ததால் வெளியே கொண்டுபோக முடியாமல் விட்டுவிட்டுப் போன தேக்கு பீரோ, நாம் குடிவந்த நாளிலிருந்து அது நின்ற இடத்தைவிட்டு அசைந்ததில்லை. பின்னால் சுவர் வரைக்கும் டேப் போக வேண்டும், கொஞ்சம் நகர்த்தலாமா என்று அவர் கேட்டார். ஏணியை எடுத்துப் போக அப்போதுதான் வந்திருந்த ‘நாளைக்கு’ வாசலிலிருந்து ஓடிவந்து, ‘வேண்டாம் சார், அது பயங்கர கனம், இடுப்பு பிடிச்சுக்கும்’ என்றார். உன் அம்மாவுக்குப் பொறி தட்டிவிட்டது. ‘முந்தாநாள் நகர்த்தினப்ப பிடிக்காத இடுப்பு இன்னைக்கு எப்படிங்க பிடிக்கும்?’ என்றாள். ‘இல்லக்கா, ஐயாவுக்குத்தான் இடம் தடுமாறுமேன்னு...’ என்று இழுத்தார். ‘ஐயா மேல இவ்வளவு பாசமா? தள்ளுங்க இந்தப் பக்கம்’ என்றாள். அவள், உன் தங்கை, அளவெடுப்பவர், வேறு வழியில்லாமல் பெயின்டர் எல்லோரும் தள்ள, நானும் ஒரு மூலையில் தோளைக் கொடுத்தேன். தரையில் கிரீச்சென்று ஒரு சத்தம். பீரோ ஒரு முழம் நகர்ந்தது. அப்புறம் அந்த அதிகாரி அம்மா, ‘யாரும் தொடாதீங்க’ என்றார். அவ்வளவு மெதுவாகப் பேசுபவர் என்று நான் நினைக்கவே இல்லை.

பெயின்டர் பீரோவை நகர்த்தவே இல்லை, பெரியவளே. அதைச் சுற்றி அடித்துவிட்டுப் போயிருக்கிறார். பச்சை போய் நிற்கிற இடத்திலிருந்து பீரோவின் அகலத்துக்கு அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர் அப்படியே இருந்தது, ஆறு கோடும் இருந்தன. அது மட்டுமில்லை, மற்ற சுவர்களில் வெறும் கோடுதான், இங்கே ஒவ்வொரு கோட்டுக்கும் கீழே தேதியோடு அவர் ஒரு வரி எழுதியிருக்கிறார். பீரோவை அதற்குப் பிறகு கூடத்துக்குள்ளேயே செய்து நிறுத்தியிருக்க வேண்டும், அந்த எழுத்தை நம்மில் யாருமே பார்த்ததில்லை. (முதல் கோடு என் முழங்காலுக்கு, மேல் கோடு அம்மாவின் தோளுக்கு. எழுத்து காவி நிறம். ‘ழ’கரத்தின் வாலை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சுழித்திருக்கிறார். அழகான கை.) அதிகாரி அம்மா தரையில் உட்கார்ந்து கீழிருந்து ஒவ்வொன்றாக வாசித்தார். ஒன்பது பேர் பரணில் ஏறினோம், ஒன்பது பேர் இறங்கினோம். பதினாலு பேர் ஏறினோம், பதினாலு பேர் இறங்கினோம். அப்படியே ஐந்து கோடு. தெருவில் தண்ணீர் ஏறும்போதெல்லாம் அக்கம்பக்கத்துக்காரர்களைக் கூட்டிவந்து நம் பரணில் ஏற்றியிருக்கிறார் அந்த மனிதர், ஏறியவர்களை எண்ணி, இறங்கியவர்களையும் எண்ணியிருக்கிறார். அதிகாரி அம்மா ஆறாவது கோட்டுக்கு எழுந்து நின்றார். முப்பத்தொரு பேர் ஏறினோம், முப்பத்திரண்டு பேர் இறங்கினோம் என்று வாசித்தார். ‘மேடம், கணக்கு உதைக்குதே, ஒண்ணு கூட வருது’ என்றார் அளவெடுப்பவர். ‘உதைக்கலைங்க’ என்றாள் உன் அம்மா, ‘புள்ளை பொறந்திருக்கு.’ மூடிய கோப்பு திறக்கிற சத்தம் கேட்டது.

அந்தப் பெயின்டருக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? மனிதர் பீரோவை நகர்த்தாதது மட்டுமில்லை, மற்ற சுவர்களிலும் பழைய சுவரைச் சுரண்டவில்லை, பட்டி பார்க்கவில்லை, இரண்டு கோட்டிங் என்று சொல்லிவிட்டு ஒன்றே ஒன்று அடித்திருக்கிறார். ஒழுங்காக வேலை செய்திருந்தால் அந்தக் கோடுகளை ஒருவராலும் மீட்க முடியாது என்று அதிகாரி அம்மாவே சொன்னார். இப்போது நகராட்சியிலிருந்து ஒரு வல்லுநர் வந்து, பஞ்சை ஈரமாக்கி ஒற்றி ஒற்றிப் பச்சையை எடுக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார், எடுக்கிற ஆள் யார் தெரியுமா, நம் ‘நாளைக்கு’தான். தினமும் எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடுகிறார். போன வாரம் கிழக்குச் சுவரில் நாலாவது கோடு தெரிய ஆரம்பித்தபோது, ‘ஐயா, வந்துட்டான் ஐயா’ என்று அவர் கத்திய கத்தலில் அணில் இரண்டு நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை. உன் அம்மா அவருக்கு இரண்டு வேளை டீ கொடுக்கிறாள். பொய் சொன்னதற்குத் திட்டிக்கொண்டேதான் கொடுக்கிறாள்.

மூன்று வாரம் கழித்து உத்தரவை அந்த அம்மாவே கையில் எடுத்துக்கொண்டு வந்தார். சாலை எதிர்ப்பக்கம் ஒதுங்குகிறது, அங்கே நகராட்சியின் பழைய கிடங்கு ஒன்று பூட்டிக் கிடக்கிறதே, அது போகிறது, யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் நிபந்தனைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள், நிறைய பேர் இந்த இடத்தில்தான் பின்வாங்கிவிடுகிறார்கள் என்று எச்சரித்தார். ‘அப்புறம் எங்களைத் திட்டக் கூடாது, பாருங்க’ என்று சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். இனிமேல் இந்த வீட்டின் எந்தச் சுவரையும் தள்ளிக் கட்டக் கூடாது. எந்தக் கதவையும் நிலையையும் இடம் மாற்றக் கூடாது. படிகளின் உயரத்தையோ எண்ணிக்கையையோ கூட்டவும் குறைக்கவும் கூடாது. தரையின் மட்டத்தை மாற்றக் கூடாது. அறைகளுக்கு நடுவே தடுப்பு வைக்கக் கூடாது. கூடத்துப் பீரோவைக்கூட, சுவருக்கும் அதற்கும் இடையில் ஆள் நிற்கிற அளவு விட்டு நிறுத்திவிட்டார்கள், அது இனி அங்கேயேதான் இருக்க வேண்டும். இது உங்கள் காலத்துக்குப் பிறகும், உங்கள் பிள்ளைகள் காலத்திலும் செல்லும் என்று முடித்தார். ஒவ்வொன்றையும் எனக்குத் தண்டனை வாசிப்பதுபோலத் தயங்கித் தயங்கித்தான் வாசித்தார், பாவம். முடித்ததும், ‘என்ன ஐயா, யோசிக்கிறீங்களா? டைம் வேணும்னா எடுத்துக்கோங்க’ என்றார். நான், இன்னொரு தடவை படிங்கம்மா என்றேன். புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு நிதானமாக முதலிலிருந்து படித்தார். சுவரை மாற்றக் கூடாது, கதவை மாற்றக் கூடாது, படியை மாற்றக் கூடாது, தரையை மாற்றக் கூடாது. நாலு வருடமாக இந்த வீட்டில் நான் யாரிடமும் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டதையெல்லாம் ஒரு அரசாங்கக் காகிதம் வரிசை போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறது. மூன்றாம் தடவையும் படிக்கச் சொல்லியிருப்பேன், உன் அம்மா, ‘போதும், அந்தம்மாவுக்குத் தொண்டை வறண்டுடும்’ என்று பேனாவை என் கையில் கொடுத்து, கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

ஆகவே அந்தக் கட்டிலுக்கு நாங்கள் குடிவர மாட்டோம், கோபித்துக்கொள்ளாதே. விருந்தாளியாக வந்து ஒரு மாதம் படுத்துவிட்டுப் போகிறோம், கண்ணாடிக் கதவில் மட்டும் ஒரு துணியைக் கட்டி வை. மற்றபடி உன் அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, பீரோவைத் தள்ளிய அன்று கூடிப்போய், இப்போது குறைந்திருக்கிறது. உன் தங்கைக்குப் பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு, முதல் பரிசு வாங்கியவன் பேச்சுக்கு நடுவில் இருமியதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்று இன்னும் வருத்தம். (அப்படி நான் சொல்லவில்லை, அக்கா. இரண்டு முறை இருமினான் என்றுதான் சொன்னேன்.) இந்த வீடு நின்றதற்கு இவள்தான் காரணம் என்று எழுதச் சொன்னால் எழுத மறுக்கிறாள், தானே மெச்சிக்கொண்ட மாதிரி இருக்குமாம். அதனால் இந்த ஒரு வரியை உன் அம்மா வந்து தன் கையால் எழுதுகிறாள்: இந்த வீடு நின்னதுக்கு இவதான் காரணம். மாப்பிள்ளைக்கு முதுகுவலி என்றாயே, கார் சீட்டை ரொம்பச் சாய்த்து வைத்து ஓட்டுகிறார், நான் உட்கார்ந்து பார்த்ததிலேயே தெரிந்தது, நிமிர்த்தி வைக்கச் சொல், மாமனார் சொன்னதாகச் சொல்லாதே, டிரைவர் சொன்னதாகச் சொல். நீ மழையில் பிரேக்கை நம்பாதே, இடைவெளியை நம்பு. வேலை வேலை என்று மதியச் சாப்பாட்டை மாலையில் சாப்பிடாதே.

உங்கள் இருவருக்கும் நோய்நொடி அண்டாமல், கையில் எடுத்தது துலங்கி, வீட்டுக்குள் சிரிப்புச் சத்தம் ஓயாமல் இருக்க எங்கள் ஆசீர்வாதம். லீவு கிடைத்தவுடன் இருவரும் புறப்பட்டு வாருங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வீட்டுக்குள் நுழைந்ததும் நீ எப்போதும் உன் பெட்டியை நடைவழியின் குறுக்கே போட்டுவிட்டு அம்மாவைத் தேடி ஓடுவாய். இனிமேல் அப்படிப் போட வேண்டுமானால் நகராட்சியில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டு வா.

என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா

(மேலே உள்ள கையெழுத்து அப்பாவே போட்டது. தாளின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, என்னைக் கேட்காமலேயே சரியான இடத்தில் போட்டுவிட்டார்.)